சூசைமாணிக்கத்தின் இடது கை

பதினோரு வருடம் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.
முகத்தைப் பார்த்தது குறைவு.
கிரேன் கேபினில் இருப்பவனுக்குக்
கீழே நிற்கும் மனிதன் என்றால்
ஒரு மஞ்சள் தொப்பி, இரண்டு கையுறை.

ஆள்காட்டி விரல் வானம் பார்த்துச் சுழன்றால் தூக்கு.
மண் பார்த்துச் சுழன்றால் இறக்கு.
நீட்டிய கை உள்ளங்கை கவிழ்ந்து வீசினால் நில்.
ஜுபைலின் ஜூலைப் புழுதியில்
வாக்கிடாக்கி கொரகொரத்துச் செத்த நாட்களில்
பதினெட்டு டன் எக்ஸ்சேஞ்சரை
இரண்டு குழாய்களுக்கு நடுவே, சாண் இடைவெளியில்
இறக்கி வைத்த கை அது.

ஷட்டவுனின் ஒன்பதாம் நாள்
"தலைக்குள்ள ஷேக்கிள் தெறிச்ச மாதிரி இருக்கு மாப்ள" என்றான்.
உட்காரச் சொன்னேன்.
விழுந்தான்.

தம்மாமில், தொடைவழியே மெல்லிய குழாய் ஒன்றை
மூளைவரை ஏற்றி
புடைத்து வெடித்த நாளத்தை
உள்ளிருந்தே சுருள் வைத்து அடைத்தார்கள்.
லைன் ஓடும்போதே கசிவை அடைக்கிற வேலை.
நாங்களும் செய்வோம், எனக்குப் புரிந்தது.
மூன்றாம் வாரம் நடந்ததுதான் புரியவில்லை.
இடது கை தானாகக் கிளம்பியது.

முதலில் விரல்கள், யாரும் கேட்காத கணக்கை எண்ணின.
பிறகு மணிக்கட்டு.
பிறகு தோளிலிருந்தே ஒரு வீச்சு:
தண்ணீர்க் கூஜா, பருப்புத் தட்டு,
மாரிசெல் சிஸ்டரின் கண்ணாடி.

சூடான் டாக்டர் தாளில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.
அதஸ், என்றார். மைசூர்ப் பருப்பு.
இவ்வளவுதான் கெட்டுப்போன இடம்.
அதன் வேலை கையை ஆட்டுவதல்ல,
ஆட வருவதையெல்லாம் வேண்டாம் என்பது.

ஆக
சும்மா இருப்பதற்கும் உள்ளே ஒருத்தன்
வேலைக்கு நின்றிருக்கிறான்,
நாற்பத்து மூன்று வருடம், ஓவர்டைம் இல்லாமல்.

கேம்ப் வாசலில் அவன் நின்றால் டாக்ஸிகள் நிற்கின்றன.
கூப்பிடுகிறான் என்று ஃபோர்மேன் குல்சமான் வந்துவிட்டு
எப்படித் திரும்பிப் போவதென்று தெரியாமல் நின்றார்.
பைனல் எக்ஸிட் காகிதத்தில்
வலது கை கையெழுத்துப் போடும்போதே
இடது கை அதைக் கிழித்தது.
இன்னொரு பிரதி எடுத்தார்கள்.

வீட்டுக்குப் பேசும்போது
கையைத் தொடைக்கடியில் போட்டு உட்காருவான்.
தோள் மட்டும் ஈ மொய்த்த மாட்டைப்போல் சிலிர்க்கும்.
"ஏன் ஆடுறீங்க?"
"பஸ்ல போறேன்."
"ராத்திரி பதினொரு மணிக்கா?"
"கம்பெனி பஸ்."

தூங்கினால் நின்றுவிடுகிறது.
மேல்கட்டிலில் இருந்து பார்ப்பேன்.
கேபினிலிருந்து பார்த்த அதே கோணம்.
சுமை கழற்றிய கொக்கியாகக் கிடக்கும்.
ஏசி சத்தம் மட்டும்.
ஐந்து மணி அலாரத்தில்
கண்ணுக்கு முன்னால் கை விழிக்கும்.

யாரிடமும் சொல்லாத ஒன்று:
நான் இன்னும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.
தூக்கு. இறக்கு. பூம் இடது. தூக்கு. நில்.
இல்லை, நிற்காதே. இறக்கு தூக்கு இறக்கு.
எந்தக் கிரேனும் தாங்காத வாக்கியம்.
சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே
என் கால் மேசைக்கடியில் பெடலைத் தேடும்.
பைத்தியம்தான்.
ஆனால் பதினோரு வருடம்
அந்தக் கை சொன்னதைச் சந்தேகப்பட்டிருந்தால்
யாராவது செத்திருப்பார்கள்.

தம்மாம் ஏர்போர்ட்.
சக்கர நாற்காலியில் அவன், டிராலியோடு நான்.
ஜமுக்காளம், பால்பவுடர், டைகர் பாம்,
டேப் சுற்றிய அட்டைப்பெட்டியில் பெயரும் ஊரும்.
இடது கை காற்றில் எதையோ இழுத்து எறிந்துகொண்டிருந்தது.
வரிசையில் முன்னால் நின்றவர்கள் விலகினார்கள்.
அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.
வலது கையால் இடது கையை எட்டிப் பிடித்து
விரல்களைக் கோத்து
வயிற்றுக்கு முன்னால் இறுக்கினான்.

எங்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்:
எல்லாவற்றையும் அப்படியே பிடி.

பிடித்தேன்.
பின்னால் வந்தவர் மலையாளத்தில் திட்டினார்.
அந்தக் கைகள் பிரியும்வரை
டிராலியை ஓர் அங்குலம் நகர்த்தவில்லை.